ஆலையில்லாக் கம்பனியில் முதலிடுதல்
(மன்றத்து இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமயத்தை வளர்க்க எழுந்த மன்றமொன்றின் மேடையிலே பங்குச் சந்தையைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். அறம், பொருள், இன்பம், வீடு என வாழ்க்கைப் பயனை நான்காக வகுத்த நம் முன்னோர், பொருளை அறத்துக்கு அடுத்தபடியில் வைத்தார்களேயன்றி, வாசலுக்கு வெளியே வைக்கவில்லை. கையிலுள்ள பொருள் கரைந்தால் வீட்டில் என்னென்ன தளரும் என்பதை 2022ஆம் ஆண்டிலே நாம் எல்லோரும் கண்டோம். அவ்வாண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துள் 360 ரூபாவை எட்டிற்று. வங்கியிலே சேமித்து வைத்த காசு, ஒருவரும் களவெடுக்காமலே, பாதியளவாயிற்று.

அன்று தொடங்கி நம் இளைஞரின் பேச்சு மாறிவிட்டது. கடற்கரையில் மாலையிற் கூடுவோர் வாயில் உதைபந்தாட்டம் பாதி, அமெரிக்கச் சில்லுக் கம்பனிகள் பாதி. இன்ன பங்கு இத்தனை மடங்கு ஏறியது, இன்னார் வாங்கி வீடு கட்டிவிட்டார் என்று கைத்தொலைபேசி ஓயாது சொல்லிக்கொண்டிருக்கிறது. தம்பலகாமத்திலுள்ள வயற்காணியை விற்று அத்தகைய பங்கை வாங்கலாமா என்ற கேள்வி ஒரு தம்பியிடமிருந்தன்று, பல தம்பிமாரிடமிருந்து நமக்கு வந்துள்ளது. ஆகவேதான் இன்று கணினிச் செயலியை வடிவமைக்கும் கம்பனியில் முதலிடுவதென்றால் யாது என்பதை எடுத்துக்கொண்டோம்.

முதற்கண் கம்பனி என்றதும் நம் மனக்கண்ணில் எழும் காட்சியைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். நம் துறைமுகத்தைச் சுற்றி வருவோமானால், பிறீமா மாவாலையின் உயர்ந்த களஞ்சியங்கள் தெரிகின்றன. 1982இல் தாபிக்கப்பட்ட டோக்கியோ சீமெந்துக் கம்பனியின் ஆலை தெரிகின்றது. அதன் பங்கு கொழும்புப் பங்குச் சந்தையில் விற்கப்படுகின்றது. வெள்ளையர் கட்டிவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள் 99, காட்டுக்குள் வட்டமிட்டு நிற்கின்றன. கப்பல் வந்தால் கோதுமை இறங்குகிறது, கிளிங்கர் இறங்குகிறது. லொறி வெளியே போகிறது. இக்கம்பனிகளின் பங்கை வாங்குபவன் வேலிக்கு வெளியே நின்றே தன் முதலைக் கண்ணாற் காணலாம். ஆலை புகைகிறதா இல்லையா என்பதாவது தெரியும்.

செயலியை வடிவமைக்கும் கம்பனியோ அத்தகையதன்று. கணினியின் நடுவே, தபால் முத்திரையளவான சிலிக்கன் துண்டில் நுண்ணிய மின்னாளிகளை நெருக்கி வைத்து, எண்களைக் கூட்டவும் ஒப்பிடவும் பழக்குவதே செயலி. 1971இல் இன்டெல் கம்பனி விற்பனைக்கு விட்ட 4004 என்னும் செயலியில் ஏறத்தாழ 2,300 ஆளிகள் இருந்தன. இன்றைய பெரிய செயலிகளில் ஆயிரம் கோடிக்கு மேல் உள்ளன. அவற்றுள் எதனை எங்கே வைப்பது, எதனை எதனோடு பிணைப்பது என்ற வரைவே இக்கம்பனியின் சரக்கு. கோயில் கட்டும்போது ஸ்தபதி கல்லை மலையிலிருந்து சுமந்து வருவதில்லை. அளவும் நூலும் அவருடையவை, உழைப்பு வேறு கைகளுடையது. அவ்வாறே இன்று வரைவு ஒரு நாட்டில், வார்ப்பு வேறொரு நாட்டில். தாய்வானில் 1987இல் தொடங்கப்பட்ட டி.எஸ்.எம்.சி. என்னும் கம்பனி பிறருடைய வரைவுகளை வார்த்துக் கொடுப்பதையே தன் தொழிலாகக் கொண்டது.

ஒருமுறை ஒருவர், புல்மோட்டையிலே மணல் குவிந்து கிடக்கிறதே, அதைக்கொண்டு நாமே சில்லுச் செய்தால் என்ன என்று கேட்டார். புல்மோட்டை மணலின் மதிப்பு இல்மனைற்றிலும் றூற்றைலிலும் உள்ள டைற்றேனியத்தால் வந்தது. சில்லுக்கு வேண்டியது சிலிக்கன். அதுவும் ஒருபுறமிருக்க, செயலியின் விலையில் மணலின் பங்கு மிகச் சிறிது. விலை முழுவதும் அறிவுக்கே.

நிற்க. இவ்வகைக் கம்பனியின் இயல்பை அறிய ஏ.எம்.டி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அட்வான்ஸ்ட் மைக்றோ டிவைசஸ் கம்பனியின் வரலாற்றைப் பார்ப்போம். 1969இல் கலிபோர்ணியாவில் ஜெறி சாண்டர்ஸ் என்பவரும் நண்பர்களும் அதனைத் தாபித்தனர். சொந்த ஆலை இல்லாதவன் ஆண்மகனே அல்லன் என்ற கருத்தில் பேசி வந்தவர் அவர். அவருக்குப் பின் வந்தோர் 2009இல் ஆலைகளைப் பிரித்து, அபுதாபி அரசின் முதலோடு குளோபல் பவுண்டறீஸ் என்னும் வேறு கம்பனியாக்கினர். அன்று முதல் ஏ.எம்.டி. ஆலையில்லாக் கம்பனி.

அதன் பங்கு விலை சென்ற வழியைக் கேளுங்கள். 2006இன் தொடக்கத்தில் 40 டொலருக்கு மேல். 2008 நவம்பரில் 2 டொலரளவு. நடுவில் சற்று ஏறி, 2015இல் மீண்டும் 2 டொலருக்குக் கீழே. 2021 நவம்பரில் 160 டொலருக்கு மேல். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் 60 டொலருக்குக் கீழே. ஒரே பெயர்ப்பலகை, ஒரே தொழில். ஆயினும் எந்த ஆண்டு வாங்கினான் என்பதைப் பொறுத்து ஒருவன் செல்வனானான், மற்றவன் காணியை இழந்தான். நம் கைத்தொலைபேசிகளில் வரும் கதை 2015க்கும் 2021க்கும் இடைப்பட்ட கதை மட்டுமே.

இவ்வளவு ஏற்றத்தாழ்வு ஏன்? வரைவு தொடங்கிய நாளிலிருந்து சரக்கு சந்தைக்கு வர நான்கு, ஐந்து ஆண்டுகள் செல்லும் என்பதே முதன்மையான காரணம் என்பது நம் துணிபு. நெல்லென்றால் நான்கு மாதத்தில் விளைச்சல் தெரிந்துவிடும். இங்கோ இன்று கம்பனி காட்டும் இலாபம் நாலாண்டுக்கு முன் போட்ட வரைவின் இலாபம். இன்று போடும் வரைவு நன்றோ தீதோ என்பது நாலாண்டு கழித்தே தெரியும். ஏ.எம்.டி. 2011இல் வெளியிட்ட புல்டோசர் என்னும் வரைவு சறுக்கிற்று. அச்சறுக்கலின் கூலியை 2016 வரை அது கொடுத்தது. 2012இல் ஜிம் கெல்லர் என்ற வடிவமைப்பாளரை மீண்டும் அழைத்து, சென் என்னும் புதிய வரைவைத் தொடங்கினர். 2014 ஒக்டோபரில் லீசா சூ அம்மையார் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2013 தொடக்கம் விற்பனைக்கு வந்த பிளேஸ்ரேஷன், எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பெட்டிகளுக்குச் செய்து கொடுத்த சில்லுகள் அந்த இடர்க்காலத்திற் கஞ்சி வார்த்தன. 2017 மார்ச்சில் றைசன் என்ற பெயரில் சென் வரைவு சந்தைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கெல்லரோ 2015 செப்தெம்பரிலேயே விலகிச் சென்றுவிட்டார். சீமெந்தாலையில் ஒரு பொறியியலாளர் விலகினால் ஆலை நிற்காது; வரைவுக் கம்பனியிலோ முதலின் பெரும்பகுதி ஒவ்வொரு மாலையும் படலையைக் கடந்து வீட்டுக்குப் போகிறது, மறுநாள் வரலாம், வராமலும் விடலாம்.

ஆகவே வெளியில் நிற்பவனுக்கு ஓர் ஆசை தோன்றுவது இயல்பு. மூடிய அறைக்குள் நடப்பதை மட்டும் யாராவது நமக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால்? இந்த ஆசையின் முடிவைக் காண நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம்மவர் ஒருவரின் கதையே உண்டு.

1957இல் கொழும்பிற் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினம், இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்திற் பொறியியலும், அமெரிக்காவின் வார்ட்டன் கல்லூரியில் வணிகமும் பயின்றவர். சில்லுக் கம்பனிகளை ஆராய்ந்து மதிப்பிடுவதில் வல்லவர் எனப் பெயர் பெற்று, 1997இல் கலியன் என்னும் முதலீட்டு நிறுவனத்தை நியூயோர்க்கில் நிறுவினார். (கலியன் என்பது ஒரு காலத்துப் பெரும் பாய்க்கப்பலின் பெயர். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தது அவ்வகைக் கப்பல்கள் கடலை ஆண்ட காலத்தில்.) உச்சக்கட்டத்தில் அவர் கையாண்ட பணம் 700 கோடி டொலர் வரை இருந்தது. 2004 ஆழிப்பேரலையின் பின் இலங்கைக்குப் பெருந்தொகை உதவியவர் என்பதையும் சொல்லாமல் விடுதல் முறையன்று.

2006இல் ஏ.எம்.டி. கம்பனி, ஏ.ரி.ஐ. என்னும் கனடாக் கம்பனியை 540 கோடி டொலருக்கு வாங்க இரகசியமாகப் பேசிற்று. ஏ.எம்.டி.க்கு ஆலோசனை கூறிய மக்கின்சி நிறுவனத்தின் பங்காளரான அனில் குமார் அந்த இரகசியத்தை ராஜரத்தினத்துக்குக் கூறினார். செய்தி ஜூலையில் வெளிவருமுன்னரே கலியன் ஏ.ரி.ஐ. பங்குகளை வாங்கிக் குவித்தது; ஏறத்தாழ 2 கோடி டொலர் இலாபம். குமாருக்குக் கிடைத்த நன்றிக்கொடை 10 இலட்சம் டொலர்.

2008இல் மற்றோர் இரகசியம் அதே வழியாக வந்தது. ஏ.எம்.டி. தன் ஆலைகளைப் பிரித்து அபுதாபியின் முதலைப் பெறப்போகிறது என்பதே அது. தகவல் மெய். ஒக்டோபர் 7ஆம் நாள் அவ்வாறே அறிவிப்பும் வந்தது. ஆனால் அதற்குச் சில கிழமைகளுக்கு முன், செப்தெம்பரில், லீமன் பிறதர்ஸ் வங்கி வீழ்ந்து உலகச் சந்தை முழுவதும் சரிந்துகொண்டிருந்தது. உள்ளிருந்து வந்த மெய்யான தகவலைக் கையில் வைத்துக்கொண்டே, ஏ.எம்.டி. பங்கில் கலியன் ஈற்றில் நட்டம் கண்டது.

இளைஞர்களே, இந்த இடத்திற் சற்றுத் தரித்து யோசியுங்கள். அந்தக் கம்பனிக்கு ஆலோசனை சொன்னவரின் வாயிலிருந்து நேரே கேட்டவர், அத்துறையில் இருபதாண்டுக்கு மேல் தேர்ந்தவர், நட்டப்பட்டார். நமக்கு வாற்சப்பில் வரும் "உள்தகவல்" எத்தனை வாய் கடந்து வந்தது?

அவர் 2009 ஒக்டோபரில் கைதானார். அனில் குமார் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்பிற் சாட்சி கூறினார். 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் ராஜரத்தினம் குற்றவாளி என யூரர் தீர்த்தனர். ஒக்டோபரில் 11 ஆண்டு மறியல், 1 கோடி டொலர் குற்றப்பணம், அதற்குமேல் 5 கோடியே 38 இலட்சம் டொலர் பறிமுதல். குடிசார் வழக்கில் வேறாக 9 கோடியே 28 இலட்சம் டொலர் தண்டம். தாம் குற்றமற்றவரென்றே அவர் சொல்லி வருகிறார். 2021இல் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். அதனைப் படிப்பது நல்லது. தீர்ப்பையும் படிப்பது நல்லது.

இரகசியத்தாற் பெற்ற அந்த 2 கோடியை ஒருபுறம் வைத்து, இரகசியத்தின் பொருளையே பாருங்கள். ஏ.ரி.ஐ.யை வாங்கிய விலை மிகையென்று 2007இலும் 2008இலும் ஏ.எம்.டி. தானே கணக்கிற் பல நூறு கோடி ரூபாவல்ல, டொலர்க் கணக்கிலேயே பெருந்தொகைகளைக் கழித்து எழுதிற்று. கம்பனியைக் கடனில் ஆழ்த்தியது அக்கொள்முதல். அதே கொள்முதலால் வந்த வரைபடச் சில்லு அறிவுதான் பின்னர் விளையாட்டுப் பெட்டிகளாய் மாறி அதனைக் காப்பாற்றிற்று. 2006 ஜூலையில் இரகசியத்தை அறிந்திருந்த எவருக்கும் இவ்விரண்டில் ஒன்றும் தெரியாது. செய்தி வேறு, விளக்கம் வேறு.

விளக்கம் வேண்டுவோருக்குக் கதவு திறந்தே கிடக்கிறது. அமெரிக்கச் சந்தையிலுள்ள ஒவ்வொரு கம்பனியும் ஆண்டறிக்கையை எல்லோரும் படிக்குமாறு வெளியிடல் சட்டம். ஏ.எம்.டி.யின் 2015 அறிக்கையை எடுத்தால், விற்பனை 399 கோடி டொலர், நட்டம் 66 கோடி டொலர் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஆராய்ச்சிக்கும் வரைவுக்கும் செலவு ஏறத்தாழ 95 கோடி டொலர். விற்றதிற் காற்பங்கை, அதுவும் நட்டத்திலே நிற்கும்போது, நாலாண்டுக்குப் பிந்திய விளைச்சலுக்காக விதைத்தார்கள். கடன் எவ்வளவு, எந்த ஆண்டிற் கட்டவேண்டும், சில்லை வார்ப்பவர் யார், கொள்வோரில் ஒருவர் விலகினால் என்னாகும் என்பனவும் அங்கே உண்டு. இடர்கள் என்ற அத்தியாயத்தைக் கம்பனி தானே எழுதித் தருகிறது; நம்மவர் அதைத்தான் புரட்டாமல் விடுகிறார்கள். முழு அறிக்கையையும் படிக்க ஒரு வாரத்து மாலைகள் போதும். க.பொ.த. உயர்தரத்திற் கணக்கீடு படித்த பிள்ளைக்கு அதில் விளங்காதது அதிகமில்லை.

அப்படியானால் 2015இல் அவ்வறிக்கையைப் படித்தவன் துணிந்து வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம், ஆனால் வெற்றி உறுதியென அவன் எண்ணியிருந்தால் அது பிழையான எண்ணம். சென் வரைவு சறுக்கியிருந்தால் கம்பனி மீண்டிருக்குமோ என்பது ஐயம். மீளாதவற்றை நாம் மறந்துவிடுகிறோம். ட்ரான்ஸ்மெற்றா என்றொரு கம்பனி இருந்தது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் செயலியை வடிவமைத்தது, ஆலையில்லை, லினக்ஸ் தந்த லைனஸ் டோவால்ட்ஸே அங்கு வேலை பார்த்தார். 2000 நவம்பரில் பங்கு 21 டொலருக்கு வெளியாகி, முதல் நாளிலேயே இரு மடங்குக்கு மேலாயிற்று. ஈராண்டு செல்லுமுன் 2 டொலருக்குக் கீழே வந்தது. 2009இல் வேறொரு கம்பனி வாங்கிக்கொண்டது. இன்று அதன் பெயரை நம் இளைஞரில் எவரும் சொல்வதில்லை. பேரரசாக நின்ற இன்டெல்கூட 2000 ஓகஸ்தில் 75 டொலரளவில் நின்ற விலையை அடுத்த இருபது ஆண்டுகளில் திரும்பக் காணவில்லை. 2024இல் பங்கிலாபத்தையும் நிறுத்திற்று. சிறந்த கம்பனி எது என்று அறிந்தவனும், என்ன விலைக்கு வாங்கினான் என்பதற்கு விடை சொல்லியே ஆகவேண்டும்.

நம்மவர் நாட்டில் இத்தகைய முயற்சி இல்லையா என்பாரும் உளர். கொழும்புப் பங்குச் சந்தையிற் செயலி வரையும் கம்பனி கிடையாது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் சக்தி என்னும் செயலியை வரைந்து, 2018இல் அது இயங்கிற்று. திருமலை பத்திரகாளி அம்பாள் சந்நிதியில் வளர்ந்த நமக்கு அந்தப் பெயரைக் கேட்கவே இனிக்கிறது. அதன் அடிப்படை, 2010இல் அமெரிக்காவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய றிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதி. உரிமைப்பணம் இல்லாமல் எவரும் எடுத்தாளலாம். அந்த ஐ.ஐ.டி.யின் நிழலிலே மைண்ட்குரோவ் போன்ற இளங் கம்பனிகள் சென்னையில் முளைத்திருக்கின்றன. அவற்றுக்கு முதல் தருவோர் துணிகர முதலீட்டாளர். நீங்களும் நாமும் சந்தையிற் சென்று ஒரு பங்கு வாங்கும் நிலை அங்கில்லை. ஆயினும் அந்தக் கட்டளைத் தொகுதியைப் பதிவிறக்கி, கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்திற் கணினி பயிலும் பிள்ளை தன் மேசையிலேயே சிறு செயலியொன்றை வரைந்து பார்க்கலாம். அதற்கு மத்திய வங்கியின் அனுமதி வேண்டியதில்லை.

பங்குக்கோ வேண்டும். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின்கீழ், நாட்டுக்கு வெளியே முதலிடும் பணம் அதற்கென வங்கியில் திறக்கும் கணக்கினூடாகவே போகவேண்டும். எவ்வளவு அனுப்பலாம் என்பதை 2020 தொடக்கம் அவ்வப்போது வரும் கட்டளைகள் கட்டுப்படுத்தி வந்திருக்கின்றன. ஆகவே வாங்க எண்ணுபவர் முதலில் வங்கி முகாமையாளரிடம் போய், இன்று நடைமுறையிலுள்ள கட்டளை எது என்று எழுத்தில் கேட்டுப் பெறுக. உண்டியல் வழியாக அனுப்பித் தருகிறேன், என் பெயரில் வாங்கி வைக்கிறேன் என்று வருபவரிடம் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் உரிமப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுக. ஆளைச் சேர்த்தால் பங்கு தருவோம் என்பது பங்கு வியாபாரமே அன்று. அது வங்கிச் சட்டம் தடைசெய்த கூம்பகத் திட்டம். அத்தகையது நம் ஊரிலும் நுழைந்து, அக்காமாரின் தாலிக்கொடி வரை அடைவுக்குப் போனதை நாம் அறிவோம்.

இனித் தம்பலகாமத்து வயலுக்கு வருவோம். அதனை விற்கவேண்டாம் என்பதே நம் விடை. பத்தாண்டுக்கு வீட்டில் எவரும் கேட்கமாட்டார்கள் என்ற பணம் உங்களிடம் இருக்குமானால், சட்டம் இடங்கொடுக்குமானால், அறிக்கையை நீங்களே படித்திருப்பீர்களானால், அதில் ஒரு பகுதியை இடுங்கள். பாதியாகக் குறைந்தாலும் இரவு நித்திரை கொள்ளத்தக்க அளவில் இடுங்கள். தங்கையின் கலியாணத்துக்கு வைத்த பணம் அந்தப் பணமன்று. சீட்டுப் பிடித்த பணமும் அன்று. ஏ.எம்.டி.யின் கடைசி ஆண்டறிக்கையின் பிரதியொன்றை மன்றத்து வாசிகசாலையில் வைக்கச் செயலாளர் இசைந்துள்ளார். விளங்காத சொற்களுக்குத் தமிழ் எழுதிய தாளொன்றையும் அதனுள் வைப்போம். முதலில் இடர்கள் என்ற அத்தியாயத்தைத் திறவுங்கள்.